அட்டைப்படம்: கிரியேட்டிவ் காமன்ஸா, ஸ்டாக் தளமா?

புத்தகத்தை எழுதி முடித்த பலரும் அட்டைப்படத்தில் வந்து தடுமாறுகிறார்கள். கூகுளில் கண்ட படத்தை எடுத்துப் போட முடியாது. எடுத்தவர் பெயரைப் போட்டுவிட்டால் மட்டும் அது அனுமதி ஆகிவிடாது. சரி, எடுத்தவரே சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த விட்டிருக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) படமா, கட்டணம் கட்டி உரிமம் வாங்கும் ஸ்டாக் தளப் படமா, இந்த இரண்டில் எது?

செலவு
கிரியேட்டிவ் காமன்ஸ்: பெரும்பாலும் இலவசம்.
ஸ்டாக்: தனிப்படமாகவோ சந்தாவாகவோ கட்டணம்.

உரிமம்
கிரியேட்டிவ் காமன்ஸ்: இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். உரிமத்தின் பெயரில் ‘பிஒய்’ (BY, எடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும்) என்றால் பதிப்பு விவரப் பக்கத்தில் “அட்டைப்படம்: இன்னார், சிசி பிஒய் 4.0” என்பதுபோல ஒரு வரி வேண்டும். ‘என்சி’ (NC, வணிகத்துக்கு அல்ல) இருந்தால் விற்பனைப் புத்தகத்துக்கு ஆகாது. ‘என்டி’ (ND, படத்தை மாற்றக் கூடாது) இருந்தால் வானத்தின் நிறத்தை மாற்றி மேலே தலைப்பைப் பொருத்தும் வேலையெல்லாம் கூடாது. ‘சிசி0’ (CC0, நிபந்தனை எதுவும் இல்லாதது) கிடைத்தால் நிம்மதி. உரிமம் தெரியும்படி அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். படம் பிறகு நீக்கப்பட்டாலும் சான்று இருக்கும்.
ஸ்டாக்: ஷட்டர்ஸ்டாக்கின் சாதாரண உரிமத்தில் 5,00,000 பிரதிகள் வரை அச்சிடலாம். ‘எடிட்டோரியல்’ (செய்தி போன்றவற்றுக்கு மட்டும், வணிகத்துக்கு அல்ல) என்று குறித்த படங்களை அட்டைக்குத் தொடாதீர்கள்.

படத்தில் முகம் தெரிந்தால்
கிரியேட்டிவ் காமன்ஸ்: உரிமம் பதிப்புரிமைக்கு மட்டும்தான். படத்தில் இருப்பவரின் சம்மதம் வேறு.
ஸ்டாக்: வணிகப் பயன்பாட்டுப் படங்களுக்கு அந்தச் சம்மதத்தைத் தளமே வாங்கி வைத்திருக்கும்.

தரம்
எதுவானாலும், 6×9 அங்குல முன்அட்டைக்கு 1800×2700 பிக்சலாவது வேண்டும்.

மலை, கடல், பழைய கதவு போதுமென்றால் சிசி0 படமே போதும். அட்டையில் ஒரு பெண்ணின் முகம் வேண்டுமா? யோசிக்காமல் ஸ்டாக்கில் வாங்குங்கள்.