ஐப்பசி மழைக்கு முந்தி தலைக்குக் கலர்: மருதாணி, அவுரி என் அனுபவம்

வெளிநாட்டுல செப்டம்பர், அக்டோபர் வந்தா இலை சிவக்குது, கூடவே பொம்பளைகளும் காப்பர், செஸ்ட்நட், பர்கண்டின்னு தலைக்கு அடர் கலருக்கு மாறிருதாவ. நமக்கு இலையுதிர்காலம்லாம் எங்க, பாளையங்கோட்டையில புரட்டாசியிலயும் வெயில் மண்டையப் பொளக்கும், அது முடிஞ்ச கையோட ஐப்பசி மழை. ஆனா அந்த இடைப்பட்ட நேரம்தான் கலர் மாத்த நமக்கும் தோது, நான் பல வருசமா அப்படித்தான் பண்ணுதேன்.

கோடை பூரா வெயிலு, வேர்வை, அடிக்கடி தலைக்கு ஊத்துறதுன்னு மருதாணிக்கு மேல நான் போடுத அவுரி, அதாவது நீலச்சாய இலைப்பொடி, குடுத்த கருப்பு வெளுத்து அடியில கெடக்க மருதாணிச் செவப்பு மேல வந்துரும், அது பாக்க நல்லாத்தான் இருக்கும், நான் கண்டுக்கிடமாட்டேன். புரட்டாசி கடைசியில திரும்பக் கருக்க வச்சிருவேன். மழை பிடிச்சப்புறம் மணிக்கணக்கா ஈரப் பச்சிலைய தலையில வச்சிக்கிட்டு இருந்தா எனக்கு நீர்க்கோவைதான் மிச்சம், முடியும் லேசுல காயாது.

முன்ன டப்பா டைதான். நெத்தியோரம் அரிச்சு தடிச்சிட்டு, தோல் டாக்டர் பாத்துட்டு அதுல இருக்க பிபிடிங்கிற சாயக் கெமிக்கல் ஒத்துக்கலன்னு சொல்லிட்டாவ. கருப்பு மருதாணின்னு விக்கிற பாக்கெட்டுல பலதுலயும் அந்த பிபிடியே இருக்கும், நல்லா படிச்சுப் பாத்து வாங்குங்க, மருதாணி இலை தானா கருப்பு கொடுக்காது.

மருதாணிய டீத்தண்ணியும் எலுமிச்சையும் விட்டு ராத்திரியே ஊற வச்சிருவேன், காலையில தடவி ரெண்டு மணி நேரம் கழிச்சு வெறும் தண்ணியில அலசணும். அவுரி வேற மாதிரி. வெதுவெதுப்பான தண்ணியில குழைச்சு பத்துப் பதினஞ்சு நிமிசத்துல மேலாப்புல நீலமா ஒரு ஏடு படியும், அப்பமே தடவிரணும், ஊறப்போட்டா சத்து போயிரும், எலுமிச்சையும் ஆகாது. அலசுன அன்னிக்குக் காதோர நரை ஒரு மாதிரி பச்சை பாரிச்சு நிக்கும், பயப்படாதீங்க, ரெண்டு நாள்ல காத்துப்பட்டுக் கருத்துரும், அதுவரைக்கும் ஷாம்பு வேண்டாம். தலைகாணி உறை நாசமாப் போவும், பழசா ஒண்ணு போட்டுக்கிடுங்க.

நாட்டு மருந்துக்கடையில கேக்கும்போது நீலி அவுரின்னு கேளுங்க. நிலாவாரைப் பொடியும் இதே பச்சையில இருக்கும், உலகம் பூரா டின்னவேலி சென்னான்னு போற நம்ம ஊரு பேதி மருந்து அது, அத தலையில அப்பினா நரை கருக்காது.

கொறைன்னு பாத்தா அரை நாள் போயிரும், வைக்கோல் வாடை வேற, வேர்ல நரை முளைச்சா அதுக்கு மட்டும் திரும்பப் போடணும். ஆனா அரிப்பு இல்ல, முடி கொஞ்சம் தடிப்பாத் தெரியுது. பின்னால ப்ளீச் பண்ணி ஹைலைட் போட ஆசை இருக்கவங்க அவுரி பக்கமே வராதீங்க, ப்ளீச் பட்டா பச்சையாவே நின்னுரும். எங்க மைனி மவ காலேஜ் படிக்கா, எனக்கும் போட்டு விடுங்கன்னு நின்னா, நான் வெறும் மருதாணியோட நிறுத்திட்டேன், அவ கருகரு முடிக்கு வெயில்ல நின்னாத்தான் செவப்பே தெரியுது, அதுக்கே வீட்டுல ஒரு சண்டை.