சாரணப் பிள்ளைக்கு முதல் கத்தி: பட்டறையில் அடித்ததா, மோராவா?

முகாமுக்குப் போகிற வயது வந்ததும் பிள்ளைகள் முதலில் கேட்பது கத்திதான். வேலூரில் எங்கள் ட்ரூப்பில் சேரும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பதும் அதுதான்: "சார், எந்தக் கத்தி வாங்கட்டும்?" மடக்காத கத்தியைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். அலகும் பிடியும் ஒன்றாக நிற்கிற, உறையில் போட்டு வைக்கிற கத்தி. மடக்குக் கத்திக்கும் இடமுண்டு, ஆனால் பழகாத கை அழுத்தும்போது அது விரல் மேலேயே மடங்கும். பூட்டு இல்லாத பேனாக்கத்தி என்றால் அந்த ஆபத்து இன்னும் கூடுதல். மடக்காத கத்தியில் அந்தக் கவலை கிடையாது. தக்காளி நறுக்கிய பிறகு கழுவித் துடைப்பதும் சுலபம்.

நம் பக்கத்தில் ஒரு தகப்பன் முன்னால் நிற்கும் வழிகள் நான்கு. ஆன்லைனில் வருகிற பெரிய 'சர்வைவல்' கத்தி, பாத்திரக்கடைக் காய்கறிக் கத்தி, கொல்லுப்பட்டறையில் சொல்லி அடிக்கிற கத்தி, ஸ்வீடனிலிருந்து வரும் மோரா.

முதலாவதை உடனே ஒதுக்கிவிடலாம். முதுகில் ரம்பப் பல், பிடிக்குள் தீக்குச்சி வைக்கிற வெற்றிடம், பிடியின் அடியில் திசைகாட்டி. பார்த்ததும் பையனுக்குக் கண் விரியும். ஆனால் பிடி வெற்றுக் குழாயாக இருப்பதால், அலகு பிடியின் வாயோடு நின்றுபோகிறது, உள்ளே இறங்குவதில்லை. கொஞ்சம் பலமாக அழுத்தினால் அந்த இடத்திலேயே ஆடத் தொடங்கும். அந்த ரம்பப் பல் மரத்தையும் ஒழுங்காக அறுக்காது, கட்டைவிரல் வைக்கவும் இடம் விடாது. ஏழெட்டு இஞ்ச் அலகு பதினோரு வயதுக் கைக்கு எதற்கு?

முகாமில் கத்திக்கு இருக்கும் வேலையைப் பாருங்கள். கயிறு அறுப்பது, கூடார முளைக்கு முனை சீவுவது, கட்டுக்குத் தோதாகக் கழியில் பள்ளம் எடுப்பது, வெங்காயம் நறுக்குவது, தீ மூட்டச் சிராய் சீவுவது. இத்தனைக்கும் நாலு இஞ்ச் அலகு தாராளம். கழியைத் துண்டாக்குவதற்கு ரம்பம் இருக்கிறது, மூங்கிலைப் பிளக்க அரிவாள் இருக்கிறது. அவை சாரண ஆசிரியர் கையில் இருக்கட்டும்.

காய்கறிக் கத்தி வீட்டிலேயே கிடைக்கும், விலையும் குறைவு. சமையலுக்கு அது போதும். மரம் சீவத்தான் ஆகாது. அலகு மெல்லிசு, அழுத்தினால் வளையும், வளைந்து விடுபடும்போது எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. உறையும் கிடையாது. செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் போட்ட கத்தி, பைக்குள் கைவிடுகிற அடுத்த பிள்ளையைக் கிழிக்கும். சமையல் அணிக்கு ஒன்று பெட்டியில் இருக்கட்டும், பிள்ளையின் முதல் கத்தியாக வேண்டாம்.

மிச்சம் இரண்டு. உண்மையான போட்டி இங்கேதான், எனக்கு இரண்டின் மேலும் பிரியம் உண்டு.

வேலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்னும் உலை ஊதுகிற கொல்லர்கள் இருக்கிறார்கள். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைக் கொடுத்து, நாலு இஞ்ச் அலகு, ஒரு இஞ்சுக்குக் குறைவான அகலம் என்று சொன்னால் அடித்துத் தருவார்கள். அந்த எஃகை மட்டமாக நினைக்க வேண்டாம். ஸ்பிரிங் எஃகில் கார்பன் ஏறக்குறைய 0.6 சதவீதம். மோராவின் துருப்பிடிக்காத ரகம் 12சி27 என்ற எஃகில் செய்வது, அதிலும் கார்பன் அதே 0.6 சதவீதம்தான். வேறுபாடு குரோமியத்தில். மோராவில் அது 13.5 சதவீதம் அளவுக்கு இருக்கிறது, பட்டறைக் கத்தியில் பேருக்குத்தான் இருக்கும். ஆகவே கூர் பிடிப்பதில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், துருவில்தான் பிரியும்.

கடினத்தில் ஒரு வித்தியாசம் வருகிறது. ஆலையில் ஒவ்வொரு அலகும் ஒரே சூட்டில் ஒரே நேரம் வெந்து வெளியே வரும். மோராவின் துருப்பிடிக்காத அலகு, கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் 56 முதல் 58க்குள் இருக்கும். பட்டறையில் கொல்லர் நிறத்தைப் பார்த்துத்தான் பதம் அறிகிறார். அனுபவசாலியின் கண் தப்பாது. ஆனால் அவர் கை பழகியது அரிவாளுக்கும் கொடுவாளுக்கும். வெட்டுகிற கருவி சிதறாமல் இருக்க அதன் வாயை, அதாவது கூரான ஓரத்தை, சற்று இளக்கமாகவே விடுவார்கள். சீவுகிற கத்திக்கு அதைவிடக் கடினம் வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "அண்ணே, இது வெட்டுறதுக்கு இல்ல, சீவுறதுக்கு." கத்தி கைக்கு வந்ததும் வாயோரத்தில் ஒரு அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் பதம் சரி. கடித்துச் சுரண்டினால் திருப்பிக் கொடுத்து மறுபடி தோய்க்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் சரிசெய்யக் கூடியது. பட்டறைக் கத்தியில் எனக்கு நிஜமான கவலை பிடியில்தான். வழக்கமாக உருண்டை மரப்பிடி, பிடியின் முனையில் ஒரு பூண், அலகின் வாலைச் சூடாக்கி உள்ளே இறக்கியிருப்பார்கள். உருண்டைப் பிடி கைக்குள் சுழலும். வேலூர் வெயிலில், வியர்த்த கையில், இன்னும் சுழலும். பிடிக்கும் அலகுக்கும் நடுவே விரலைத் தடுக்க ஒன்றும் இருக்காது. கத்தியைக் குத்தியோ அழுத்தியோ பயன்படுத்தும்போது கை முன்னால் வழுக்கினால், ஆள்காட்டி விரல் நேராகக் கூரின் மேல் ஏறும். அப்போது அறுபடுவது தோலோடு நிற்காது, விரலை மடக்குகிற தசைநாணும் சேர்ந்து போகலாம். டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் நம் சி.எம்.சி. மருத்துவமனையில்தான் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்றி அறுவை செய்யத் தொடங்கினார். ஒரு தசைநாண் போனால் கை என்ன பாடுபடும் என்பதை இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் பிள்ளையின் முதல் கத்தியில் நான் முதலில் பார்ப்பது விரல் தடுப்பு. எஃகு அதற்கு அப்புறம்தான்.

இந்த இடத்தில் மோரா தெளிவாக முன்னால் நிற்கிறது. மோரா என்பது ஸ்வீடனில் தாலர்னா பகுதியில் இருக்கும் ஊரின் பெயர். இன்றைய நிறுவனத்தின் வேர் 1891இல் அங்கே தொடங்கிய ஃப்ராஸ்ட் பட்டறை. அவர்களுடைய கம்பேனியன் என்ற மாடல்தான் நம் ஒப்பீட்டுக்குச் சரியானது. அலகு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். பிடி நீள்வட்ட வாக்கில், ரப்பர் மேல்பூச்சோடு, முன்பக்கம் சிறு மேடு வைத்தது. ஈரக்கையிலும் திரும்பாது. அலகின் வால் பிடியின் கடைசிவரை போவதில்லை என்று சிலர் குறை சொல்வார்கள். கத்தி முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளப்பவர்களுக்கு அது குறைதான். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்த வேலையே செய்யக் கூடாது என்பதால், இங்கே அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

மோராவின் இன்னொரு வசதி தீட்டுவதில் இருக்கிறது. அலகின் இரு பக்கமும் அகலமான ஒரே சரிவு. அந்தச் சரிவைக் கல்லின் மேல் படிய வைத்தால் கோணம் தானாகவே அமைந்துவிடும், பிள்ளை தேட வேண்டியதில்லை. பட்டறைக் கத்தி அரிவாளைப்போல உருண்ட வாயோடு வரும், கோணம் கைப்பழக்கத்தில்தான் வரும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண ஆயில் ஸ்டோனே இரண்டுக்கும் போதும். தெருவில் சாணை பிடிப்பவரிடம் மட்டும் தராதீர்கள். தண்ணீர் இல்லாமல் வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் வாயோரம் சட்டென்று சூடேறும். நீல நிறம் தெரிந்தால் அந்த இடம் 300 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போயிருக்கிறது என்று அர்த்தம். கொல்லர் வைத்த பதம் அங்கே இளகிவிடும், எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

மோராவிலேயே கார்பன் எஃகு ரகமும் உண்டு, துருப்பிடிக்காத ரகமும் உண்டு. கார்பனைப் புகழ்பவர்கள் நிறைய. தீட்டச் சற்று லகுவானது, உண்மைதான். ஆனால் நம் பிள்ளைகள் முகாமில் என்ன நறுக்குவார்கள்? மாங்காய், எலுமிச்சை, தக்காளி. புளிப்புப் பட்ட கார்பன் அலகு நிமிடங்களில் கறுக்கும், நறுக்கியதிலும் இரும்பு வாடை ஏறும். வியர்த்த கையோடு உறையில் போட்டு மறந்தால் மறுநாள் செம்புள்ளி. முதல் கத்திக்குத் துருப்பிடிக்காத ரகம்தான் என் தேர்வு. பட்டறைக் கத்தியே வாங்கினால் ஒவ்வொரு தடவையும் கழுவித் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் வேண்டும். தேங்காய் எண்ணெய் காய்ந்து பிசின் பிடிக்காது, சாப்பாட்டில் பட்டாலும் பயமில்லை.

உறை விஷயத்தில் மட்டும் நம் வட்டாரம் ஸ்வீடனை ஜெயிக்க முடியும். மோரா பிளாஸ்டிக் உறையோடு வருகிறது. உள்ளே தள்ளினால் 'க்ளிக்' என்று பிடித்துக்கொள்ளும், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை. பட்டறைக் கத்திக்கு உறையே வராது. ஆனால் ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று நம்மைச் சுற்றித் தோல்தான். ஷூவின் மேல்பக்கத்துக்குப் பதப்படுத்தும் குரோம் தோல் வேண்டாம். அது துணிபோல் தொய்யும், அதில் தங்கும் உப்பு அலகையும் அரிக்கலாம். பட்டை போட்டுப் பதப்படுத்திய தோலாகக் கேளுங்கள். ஒரு காலத்தில் நம் ஊர்த் தோல் எல்லாம் ஆவாரம்பட்டையில் ஊறியதுதான். அந்த வகைத் தோல் விறைப்பாக நிற்கும், நனைத்து வடிவம் பிடிக்கலாம். தைக்கும்போது இரண்டு மடிப்புக்கும் நடுவே இன்னொரு தோல் பட்டையை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கூர் தையலை அறுத்துக்கொண்டு வெளியே வரும். இடதுகைப் பிள்ளைக்கு உறையை இடப்பக்கம் மாட்டும்படி தைத்துக்கொள்ளலாம்.

இனி என் முடிவு. பத்து, பதினொரு வயது என்றால் மோராவில் முனை மழுக்கி, மரப்பிடியில் விரல் தடுப்போடு செய்த சின்னக் கத்தி ஒன்று உண்டு, ரூக்கி என்று பெயர். கிடைத்தால் அதுதான். பன்னிரண்டுக்கு மேல் கம்பேனியன், துருப்பிடிக்காத ரகம். பட்டறைக் கத்தியைப்போல் பல மடங்கு விலை, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பணம் எஃகுக்கு என்று நினைக்காதீர்கள். பிடிக்கும் உறைக்கும் கொடுக்கிறீர்கள்.

கையில் பணம் குறைவாக இருந்தால் தயங்காமல் பட்டறைக்குப் போங்கள், பிள்ளையையும் அழைத்துக்கொண்டு. ஆனால் மூன்று விஷயத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். பிடி நீள்வட்டமாக இருக்க வேண்டும். பிடிக்கு முன்னால் பித்தளையோ இரும்போ ஒரு குறுக்குத் தடுப்பு வேண்டும். முனையை மழுக்கித் தர வேண்டும். இந்த மூன்றும் அமைந்தால் அந்தக் கத்திக்கும் மோராவுக்கும் உள்ள தூரம் பெரிதாகக் குறைந்துவிடும். பதினாலு வயதில், தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரிந்த பிறகு, அந்தப் பிள்ளை தானே கொல்லரிடம் நின்று இரண்டாவது கத்தியை அடித்து வாங்கினால் எனக்கு மிகவும் சந்தோஷம்.

சட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆயுத விதிகளின் பட்டியலில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு. நம் நாலு இஞ்ச் கத்தி அதற்கு வெகு கீழே. அதற்காகப் பள்ளிக்கூடப் பையில் வைத்து அனுப்பிவிடாதீர்கள். பள்ளிப் பைக்குள் கத்தி என்ற செய்தியை நாம் எத்தனை தடவை படித்துவிட்டோம், எந்த ஆசிரியரும் பதறத்தான் செய்வார். முகாமுக்குக் கிளம்பும் அன்று பெற்றோரே சாரண ஆசிரியர் கையில் கொடுங்கள், முகாம் பெட்டியில் போகட்டும். ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ அமிர்தியிலோ முகாம் என்றால், காப்புக்காட்டில் பச்சை மரத்தில் கத்தி வைக்கக் கூடாது என்பதையும் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சந்தன மரம் விளையும் மலை அது, வனத்துறை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாது. கழி, மூங்கில் எல்லாம் ஊரிலிருந்து வாங்கிக்கொண்டு போவதுதான் முறை.

வாங்கியதும் முகாம்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துத் தொடங்குங்கள். முழங்கைகள் முழங்காலின் மேல், கத்தி உடம்பை விட்டு வெளியே போகும்படி. தொடைமேல் வைத்துச் சீவவே கூடாது, உள்தொடையில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. கையை நீட்டிச் சுற்றினால் எட்டும் தூரத்துக்குள் தம்பி தங்கை யாரும் இருக்கக் கூடாது. முதலில் ஒரு சோப்புக் கட்டி, அப்புறம் பச்சை வேப்பங்குச்சி. அதன் பிறகு வெட்பாலை கிடைத்தால் கொடுங்கள், சென்னபட்டணா பொம்மை கடைகிற மரம், நார் நேராக ஓடும். சவுக்கும் சீமைக்கருவேலமும் காய்ந்துவிட்டால் இரும்பு மாதிரி, அவற்றைக் கடைசிக்கு வையுங்கள். மெல்லிய சிராய்கள் அறுபடாமல் குச்சியிலேயே சுருண்டு நிற்கும்படி சீவ வந்துவிட்டால், இரண்டு தீக்குச்சிக்குள் தீ மூட்டுகிற பழைய சாரணச் சோதனைக்குப் பிள்ளை தயார்.