ஒரு பெட்டி, ஒன்பது முட்டை: தனியார் விண்வெளிப் பயணம் பற்றிய வீட்டுப் பாடப் பெட்டி, வாங்கிப் பார்த்த அனுபவம்

மே மாத விடுமுறை ஆரம்பித்த நாலாவது நாளே எங்கள் வீட்டில் போனுக்குச் சண்டை. என் மகள் ஏழாவது முடித்திருக்கிறாள், மதுரையிலிருந்து வந்திருந்த என் அண்ணன் மகன் ஆறாவது. ரெண்டு பேரையும் ஒரே அறையில் விட்டால் அரை மணி நேரத்தில் ஆச்சி பஞ்சாயத்துக்கு வர வேண்டியிருக்கும். அந்த நிலைமையில்தான் ஆன்லைனில் கண்ணில் பட்ட இந்தப் பெட்டியை 1,850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். தனியார் ஆட்கள் மனிதர்களை விண்வெளிக்கு அனுப்புகிற கதையை ஆறு வாரத்தில் வீட்டிலேயே செய்து பார்த்துப் படிக்கலாம், 10 முதல் 14 வயது வரை, என்று மேலே போட்டிருந்தது. கம்பெனி பேரைச் சொல்லப் போவதில்லை. இதே மாதிரிப் பெட்டிகள் வேறு வேறு பேரில் வருகின்றன, எதை வாங்கினாலும் நான் சொல்வதில் பாதியாவது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

உள்ளே ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம், மெல்லிசாக ஒரு தமிழ்க் கையேடு, வெட்டி ஒட்டுகிற அட்டைகள், பாராசூட்டுக்கு பிளாஸ்டிக் தாளும் நூலும், ஒரு இறகுப்பந்து, காற்று ஊதுகிற பூமி உருண்டை, ஒரு கட்டு கேள்வி அட்டைகள், பசை ஒரு ட்யூப். காற்று ஊதுகிற உருண்டை முதல் நாளே புஸ்ஸென்று போய்விட்டது. தமிழ்க் கையேடு மெஷினில் போட்டு மொழிபெயர்த்தது என்பது முதல் பக்கத்திலேயே தெரிகிறது. "வானிலையால் ஏவும் ஜன்னல் மூடப்பட்டது" என்று இருந்ததைப் படித்துவிட்டு அண்ணன் மகன் ராக்கெட் படத்தில் அந்த ஜன்னல் எங்கே என்று ரொம்ப நேரம் தேடிக்கொண்டிருந்தான். ஏவுவதற்குத் தோதான நேரம் என்று எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

சரி, நல்லதுக்கு வருகிறேன். முதல் வாரத்துப் பாடம் சாதாரணமாகத் தெரிந்தது, ஆனால் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பூமி உருண்டையின் மேல் விண்வெளி எவ்வளவு உயரத்தில் ஆரம்பிக்கிறது என்று பிள்ளைகள் முதலில் ஊகத்தில் விரலை வைத்துக் காட்ட வேண்டும். ரெண்டு பேரும் ஒரு சாண் உயரத்தில் வைத்தார்கள், நானும்தான். அப்புறம் கணக்கு. எங்கள் வீட்டு உருண்டை 30 சென்டிமீட்டர் குறுக்களவு, உண்மையான பூமி ஏறக்குறைய 12,740 கிலோமீட்டர். அப்படியென்றால் 100 கிலோமீட்டர் என்பது ரெண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஒரு தீக்குச்சி கனம். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுகிற 400 கிலோமீட்டர்கூட ஒரு சென்டிமீட்டரைத் தொடவில்லை. 2024 செப்டம்பரில் போலாரிஸ் டான் என்ற தனியார் பயணத்தில் போன நாலு பேர் சுமார் 1,400 கிலோமீட்டர் ஏறினார்களே, அது மூன்று சென்டிமீட்டரும் சொச்சமும். ஆச்சி வந்து தீக்குச்சியைப் பார்த்துவிட்டு, "இதுக்கா இம்புட்டுக் கோடி?" என்றார்கள்.

இதோடு சேர்ந்த விவாத அட்டையும் அருமை. விண்வெளி எங்கே தொடங்குகிறது? அமெரிக்காவில் 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்கிறார்கள், உலக வான் விளையாட்டுக் கூட்டமைப்புக்கு 100 கிலோமீட்டர். 2021 ஜூலை 11ஆம் தேதி விர்ஜின் கேலக்டிக் கம்பெனியை ஆரம்பித்த ரிச்சர்ட் பிரான்சனும் அங்கே வேலை பார்த்த சிரிஷா பாண்ட்லாவும் போன அந்தக் கம்பெனிக் கலம் சுமார் 86 கிலோமீட்டர் போனது, ஒன்பது நாள் கழித்து அமேசான் ஜெஃப் பெசோஸ் போன அவருடைய ப்ளூ ஆரிஜின் கம்பெனிக் கலம் 107. அப்படியானால் பிரான்சன் விண்வெளிக்குப் போனாரா, போகவில்லையா? திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரிக்கு ரோட்டில் போனால் ஏறக்குறைய 80 கிலோமீட்டர்தான், அதை நட்டமாக நிமிர்த்தி வைத்தால் விண்வெளி வந்துவிடும் என்று சொன்னதும் பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கன்னியாகுமரி வந்தாச்சா, இல்லை கடலுக்குள் இன்னும் 20 கிலோமீட்டர் போகணுமா என்று ஒரு சாயந்திரம் முழுக்க அடித்துக்கொண்டார்கள்.

ரெண்டாவது வாரத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. அட்டையில் "விண்வெளியில் ஈர்ப்பு விசை இல்லை, அதனால் மிதக்கிறார்கள்" என்று அச்சடித்து வைத்திருக்கிறார்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில் தரையில் இருக்கிற ஈர்ப்பில் பத்துக்கு ஒன்பது பங்கு அப்படியே இருக்கிறது. கலமும் ஆளும் சேர்ந்து விழுந்துகொண்டே இருக்கிறார்கள், அதுதான் மிதப்பு. வேடிக்கை என்னவென்றால் அதற்குப் பக்கத்திலேயே கொடுத்திருக்கிற சோதனை இதைத்தான் நிரூபிக்கிறது. தண்ணீர் பாட்டிலின் அடியில் ஒரு ஓட்டை போட்டு, மூடியைத் திறந்து வைத்தால் தண்ணீர் பீச்சும். அப்படியே மாடியிலிருந்து கீழே விட்டால் விழுகிற வரைக்கும் ஒரு சொட்டு வெளியே வராது. மகள் போனில் ஸ்லோமோஷனில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, ஈர்ப்பு இல்லேன்னா பாட்டில் எப்படிம்மா கீழ விழுது?" என்று கேட்டாள். அட்டை எழுதியவருக்கு வந்திருக்க வேண்டிய கேள்வி. கம்பெனிக்கு எழுதிப் போட்டேன், ஐந்து ஸ்டார் கொடுக்கச் சொல்லி பதில் வந்தது.

மேலே போய்விட்டு வருவதற்கும் சுற்றி வருவதற்கும் உள்ள வித்தியாசத்தையும் பெட்டி சரியாகச் சொல்லவில்லை, ரெண்டையும் ஒரே பட்டியலில் போட்டுவிட்டார்கள். பெசோஸ் போய் வந்தது மொத்தமே பத்து நிமிஷம். சுற்றுப்பாதையில் நிற்க வேண்டுமானால் மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகம் வேண்டும், ஒரு கிலோ எடைக்குக் கணக்குப் பார்த்தால் 100 கிலோமீட்டர் தூக்குவதற்கு ஆகிற சக்தியைப் போல முப்பது மடங்குக்கு மேல். இந்த ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுத்தால்தான் ஒன்று ராட்டினம், மற்றது ரயில் பயணம் என்று பிள்ளைக்குப் புரியும். இதை நானே தாளில் எழுதி ஒட்ட வேண்டியதாயிற்று.

ஆனால் பெட்டிக்குக் கொடுத்த காசு மொத்தமும் நாலாவது வாரத்தில் வசூலாகிவிட்டது. அன்சாரி எக்ஸ் பரிசு. 1996இல் அறிவித்தார்கள், பரிசு ஒரு கோடி டாலர். அரசாங்கக் காசு இல்லாமல், மூன்று பேரைச் சுமக்கக்கூடிய கலத்தை 100 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோய் இறக்க வேண்டும்; அதே கலம் ரெண்டு வாரத்துக்குள் மறுபடியும் போய் வர வேண்டும். 26 அணிகள் இறங்கின. கடைசியில் பர்ட் ரூட்டன் வடிவமைத்து, மைக்ரோசாஃப்ட் பால் ஆலன் பணம் போட்ட ஸ்பேஸ்ஷிப்ஒன், கலிஃபோர்னியாவில் மொஹாவி பாலைவனத்திலிருந்து 2004 செப்டம்பர் 29இலும் அக்டோபர் 4இலும் போய் ஜெயித்தது. முதல் தடவை மைக் மெல்வில் ஓட்டினார், கலம் பம்பரம் மாதிரிச் சுற்றியும் தாக்குப்பிடித்தார். ரெண்டாவது தடவை பிரையன் பின்னி 112 கிலோமீட்டர். முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் போன 1957 அக்டோபர் 4க்குச் சரியாக 47 வருஷம் கழித்து. இன்னொரு சங்கதி, பரிசுப் பணத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தார்கள்: 2004 முடிவதற்குள் யாரும் ஜெயிக்க மாட்டார்கள் என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் பந்தயம் கட்டின மாதிரி!

இதையே வீட்டில் முட்டையை வைத்துச் செய்யச் சொல்கிறது பெட்டி. மொட்டை மாடியிலிருந்து ஒரு முட்டையைப் பத்திரமாக இறக்குகிற கலம் செய்ய வேண்டும். ஸ்பேஸ்ஷிப்ஒன்னில் விமானி ஒருத்தரும் மீதி ரெண்டு பேருக்குப் பதிலாக எடையும்தான் போனது, அதனால் இங்கேயும் ஒரு முட்டையோடு ரெண்டு எலுமிச்சம்பழம். அதே கலத்தை ரெண்டு வாரத்துக்குள் மறுபடி போட வேண்டும். எரிபொருள் போகக் கலத்தின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நடுவில் மாற்றக் கூடாது என்ற நிஜமான விதியையும் அப்படியே வைத்திருக்கிறார்கள், இந்த ஒரு விதிக்காகவே எழுதினவருக்குக் கை கொடுக்கலாம். பரிசு நான் அறிவித்தது 100 ரூபாய்.

மகள் அட்டைப் பெட்டியும் ஸ்பாஞ்சும் வைத்து பாராசூட்டோடு செய்தாள், முதல் தடவையே முட்டை அலுங்காமல் இறங்கியது. அண்ணன் மகன் பலூன் கட்டினான், பலூன் வெடித்து முட்டை தரையில். அடுத்தடுத்து மூன்று முட்டை போனது, ஆச்சி முட்டைக் கணக்கை என்னிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் அவன் தென்னந்தோப்பிலிருந்து தேங்காய் நார் அள்ளிக்கொண்டு வந்து கூடு மாதிரி முறுக்கி அதற்குள் வைத்தான். புதன்கிழமை பிழைத்தது. சனிக்கிழமை ரெண்டு பேருக்கும் ரெண்டாவது சுற்று. மகளுடையது உடைந்துவிட்டது, அவனுடையது உடையவில்லை.

ஏன் என்று பிரித்துப் பார்த்தோம். அவளுடைய அட்டை முதல் தடவை விழுந்தபோதே நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொண்டுவிட்டது, ரெண்டாவது தடவைக்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை. நார் மறுபடி எழும்பி நின்றது. அட்டையை மட்டும் மாற்றிக்கொள்கிறேன் என்று அழுதாள், சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் அட்டை மட்டுமே கலத்தின் எடையில் கால்வாசி. விதி இடம் கொடுக்கவில்லை. ஒரு தடவை போய் வருவது வேறு, திரும்பத் திரும்பப் போய் வருவது வேறு என்பதை, அந்தத் தடித்த ஆங்கிலப் புத்தகம் இருபது பக்கத்தில் சொல்ல முடியாததை, ஒரு நசுங்கின அட்டைப் பெட்டி சொல்லிவிட்டது. பால் ஆலனுக்கு ஆன செலவு இரண்டு கோடி டாலருக்கு மேல், பரிசு ஒரு கோடிதான் என்று படித்ததும் அண்ணன் மகன், "அத்தை, அப்போ அவருக்கு நஷ்டம்தானே?" என்றான். அந்தத் தொழில்நுட்பத்தை வைத்துத்தான் பிரான்சன் கம்பெனி ஆரம்பித்தார் என்பது அடுத்த பக்கத்தில் இருக்கிறது, படிடா என்றேன்.

இறகுப்பந்துப் பாடமும் இதே தரம்தான். ஸ்பேஸ்ஷிப்ஒன் திரும்பும்போது வாலை மேலே மடக்கிக்கொள்ளும். இறகுப்பந்தைத் தலைகீழாகப் போட்டாலும் தானே திரும்பித் தக்கை கீழே வருவது மாதிரி, கலமும் தானே சரியான வாக்கில் நின்றுகொண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பத்து நிமிஷத்தில் புரிந்துவிடுகிறது. ஆனால் 2014 அக்டோபர் 31இல் இதே வகை வால் பூட்டை, கலம் ஒலியின் வேகத்தைத் தாண்டும் முன்பே துணை விமானி திறந்துவிட, அடுத்த கலமான ஸ்பேஸ்ஷிப்டூ ஆகாயத்திலேயே உடைந்து அவர் இறந்துபோனதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம் என்று விட்டிருப்பார்கள் போல. நான் சொன்னேன். ஒரு மனுஷன் செய்கிற ஒரே தவறு கலத்தையே உடைக்கிற அளவுக்கு வடிவமைப்பில் இடம் விட்டிருந்ததை விசாரணைக்குழு குறை சொன்னதையும் சொன்னேன். மகள் அன்றைக்குக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள், அப்புறம் தன் கலத்தின் பாராசூட் நூலுக்கு ரெண்டாவது முடிச்சு போட்டாள்.

ராக்கெட் பாடம் என்று சமையல் சோடா, வினிகர் பாட்டில். சுவரெல்லாம் கறை. ரப்பரையும் சிரிப்பு வாயுவையும் சேர்த்து எரித்த ஸ்பேஸ்ஷிப்ஒன் இயந்திரத்தைப் பற்றிப் படித்துவிட்டு இதைச் செய்யச் சொன்னால் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். கடைசி வாரம் விண்வெளி ஹோட்டலுக்குக் கலர் அடிப்பது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நாலு பேர் குழுவைத் தேர்ந்தெடுக்கிற அட்டை விளையாட்டு பரவாயில்லை. 2021 செப்டம்பரில் போன இன்ஸ்பிரேஷன்4 பயணத்தை வைத்துச் செய்திருக்கிறார்கள், நாலு பேரில் ஒருத்தர்கூட அரசு விண்வெளி வீரர் இல்லாமல் மூன்று நாள் பூமியைச் சுற்றி வந்த பயணம். அதில் ஹேலி ஆர்செனோ என்ற பெண் சின்ன வயதில் புற்றுநோய் வந்து காலுக்குள் செயற்கை எலும்பு வைத்தவர் என்பது பிள்ளைகள் மனதில் நின்றுவிட்டது. அட்டைக்கட்டு பழசு போல, 2025 ஜூன் 25இல் சுபான்ஷு சுக்லா போன ஆக்ஸியம்-4 இல்லை. இந்தியாவில் விற்கிற பெட்டியில் அது இல்லாதது பெரிய ஓட்டை. அந்தப் பயணத்தில்தான் நல்ல கேள்வி இருக்கிறது: கம்பெனி தனியார், கலமும் ராக்கெட்டும் ஸ்பேஸ்எக்ஸ், போய்ச் சேர்ந்த சர்வதேச விண்வெளி நிலையம் அரசாங்கங்களுடையது, டிக்கெட் காசு இந்திய அரசு, போனவர் விமானப்படைக்காரர். இது தனியார் பயணமா, அரசுப் பயணமா? எங்கள் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில்தான், இந்தியா தானே மனிதர்களை விண்வெளிக்கு அனுப்புகிற ககன்யானுக்கான விகாஸ் ராக்கெட் இயந்திரத்தைச் சோதித்தார்கள், அது முழுக்க அரசுத் திட்டம், ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசலாம். நாங்களே ஒரு அட்டை எழுதிச் சேர்த்துக்கொண்டோம்.

வாங்கலாமா என்று கேட்டால், பக்கத்தில் உட்கார உங்களுக்கு நேரமிருந்தால் வாங்கலாம். பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடலாம் என்று நினைத்தால் வேண்டாம், ஈர்ப்பு இல்லை என்று படித்துக்கொண்டு வருவார்கள். தமிழ்க் கையேட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு ஆங்கிலப் புத்தகத்தை நீங்களே தமிழில் சொல்லிக் கொடுங்கள். ஒற்றைப் பிள்ளை வீடு என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றைச் சேர்த்துக்கொள்வது நல்லது, போட்டி இல்லாமல் நாலாவது வாரம் சப்பென்று இருக்கும். 1,850 அதிகம்தான், 1,200க்குக் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். முட்டை ஒரு டஜன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு ஒன்பது ஆனது. கூடவே ஃபெவிகால் ஒரு சின்ன டப்பா. பெட்டியில் வருகிற பசை காகிதத்தைக்கூட ஒட்டாது.