வீடு விற்ற பிறகு எது மிச்சம்? போர்ட்டல், ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப்: ஓர் ஒப்பீட்டு அலசல்

விளம்பரத்துக்குப் பெரிய தொகை ஒதுக்க முடியாத ரியல் எஸ்டேட் ஏஜெண்டுக்கு இணையத்தில் இன்று பல வழிகள் இருக்கின்றன. சொத்து போர்ட்டல்கள் (வீடு, மனை விளம்பரங்களைத் தொகுத்துக் காட்டும் இணையதளங்கள்), ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரம், கூகுள் பிசினஸ் புரொஃபைல், வாட்ஸ்அப், யூடியூப், சொந்த இணையதளம். கடைசியில் சொன்னதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் தொழிலில் பயன்படுத்தியிருக்கிறேன். இப்போது என் நேரத்தில் பெரும்பங்கு யூடியூபுக்கும் மிச்சம் வாட்ஸ்அப்புக்கும் போகிறது. அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

போர்ட்டல் பற்றி எல்லோருக்கும் தெரியும். வீடு தேடுபவர் பெரும்பாலும் முதலில் அங்கேதான் போகிறார், அதனால் ஒரு லிஸ்டிங்காவது இருக்க வேண்டும். ஆனால் பணம் கட்டியவரின் லிஸ்டிங் மேலே நிற்கும், நம்முடையது கீழே இறங்கிக்கொண்டே போகும். ஒரே பார்ட்டியின் நம்பர் பல ஏஜெண்டுகள் கைக்குப் போவதும் உண்டு. நாம் கூப்பிடுவதற்குள் அவர் நாலு பேரிடம் பேசிச் சலித்திருப்பார். இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கிடைக்கும் இடத்தை எடுத்துக்கொண்டு நல்ல படங்களைப் போட்டு விட்டுவிடுங்கள்.

கூகுள் பிசினஸ் புரொஃபைலில், அதாவது கூகுள் தேடலிலும் மேப்பிலும் நம் தொழிலைக் காட்டும் பக்கத்தில், யோசிக்க ஒன்றுமே இல்லை. இலவசம், இன்றே தொடங்கலாம். ஒரு விதி மட்டும் தெரிந்திருக்க வேண்டும்: விற்பனைக்கோ வாடகைக்கோ உள்ள வீட்டின் பெயரில் புரொஃபைல் தொடங்கக் கூகுள் அனுமதிப்பதில்லை. அலுவலகத்தின் பெயரிலோ ஏஜெண்டின் பெயரிலோதான் தொடங்கலாம். வேலை முடித்துக் கொடுத்த பார்ட்டியிடம் அன்றைக்கே ஒரு ரிவ்யூ கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் வேகம் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்கலாம், வேண்டாம் என்றால் உடனே நிறுத்தலாம். சிக்கல் வருகிற என்கொயரியின் தரத்தில்தான். விளம்பரத்தைத் தொட்டதும் அங்கேயே திறக்கும் இன்ஸ்டன்ட் ஃபார்மில் பெயரும் நம்பரும் அவரவர் கணக்கிலிருந்து தானாகவே நிரம்பிவிடும். விரல் பட்டாலே லீட், அதாவது வாங்கக்கூடும் என்று நினைக்கும் ஒருவரின் விவரம், வந்துவிடும். கூப்பிட்டால், 'நான் எதுவும் கேட்கலையே' என்பார். அனுப்பும் முன் விவரத்தை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லும் ஃபார்ம் வகையும் இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் எண்ணிக்கை குறைந்தாலும் பேசத் தகுந்த ஆட்கள் வருவார்கள். இன்னொன்று, அமெரிக்கா போன்ற நாடுகளில் வீட்டு விளம்பரத்தை ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா தனி வகையில் வைத்திருக்கிறது. அங்கே வயது, பாலினம், அஞ்சல் குறியீடு பார்த்து ஆட்களைப் பிரிக்க முடியாது. உங்கள் நாட்டில் என்ன விதி என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வாட்ஸ்அப்பைப் புதிய ஆட்களைப் பிடிக்கும் இடமாக நினைத்தால் ஏமாற்றம்தான். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது, அதிலும் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவருக்குத்தான் செய்தி போகும். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஆனால் ஏற்கெனவே பேசிய பார்ட்டியை நழுவ விடாமல் வைத்திருக்க இதைவிட வசதியானது கிடையாது. பிசினஸ் செயலியில் லேபிள் போட்டு 'மனை', 'இரண்டு படுக்கையறை', 'லோன் பார்க்கிறார்' என்று பிரித்து வையுங்கள். புதிய சொத்து வந்ததும் யாருக்கு அனுப்ப வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

சரி, நான் ஏன் யூடியூப் பக்கம் போனேன்? ஒரே ஒரு கேள்விதான் காரணம். வீடு விற்ற மறுநாள் நம் கையில் என்ன மிச்சம் இருக்கிறது?

மற்ற தொழிலில் ஒரு பொருளுக்குச் செய்த விளம்பரம் அடுத்த நூறு பொருளுக்கும் உதவும். நமக்கோ ஒவ்வொரு வீடும் ஒன்றே ஒன்றுதான். விற்றதும் போர்ட்டல் லிஸ்டிங்கை எடுத்தாக வேண்டும், அதோடு அதற்குச் சேர்ந்த பார்வையும் போயிற்று. ஃபேஸ்புக் விளம்பரத்தை நிறுத்தினால் அன்றைக்கே அழைப்பு நிற்கும். அடுத்த வீட்டுக்கு மறுபடியும் முதலிலிருந்து பணம், மறுபடியும் உழைப்பு. வாடகை வீட்டுக்கு நம் செலவில் வெள்ளையடித்துக் கொடுப்பது மாதிரி.

யூடியூபில் வீடியோவை நீக்க வேண்டியதில்லை, தலைப்பை மாற்றினால் போதும். விற்ற அன்றே முன்னால் 'விற்பனையாகிவிட்டது' என்று சேர்க்கிறேன். விவரப் பகுதியின் முதல் வரியிலும் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்படி 'பின்' (pin) செய்த கமெண்டிலும் அதையே எழுதி, அதே வட்டாரத்தில் இப்போது இருக்கும் சொத்தின் இணைப்பைக் கொடுக்கிறேன். அப்புறமும் அழைப்பு வருகிறது. 'அந்த வீடு போயிடுச்சுன்னு தெரியும், அதே மாதிரி வேற இருக்கா?' என்று கேட்கிறார்கள். ஹால் எவ்வளவு பெரிது, வீதி எவ்வளவு அகலம், விலை எந்த அளவில் இருக்கும் என்று பார்த்துத் தெரிந்துகொண்டு பேசும் ஆள் அவர். முன்பின் தெரியாத ஒரு லீடோடு ஒப்பிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வீட்டை விற்க நினைக்கும் உரிமையாளர்களும் இந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள்.

விற்ற வீட்டை விற்காதது போலவே காட்டி ஆள் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். வாழ்நாள் சேமிப்பைப் போட வருகிறவரை முதல் அழைப்பிலேயே ஏமாற்றக் கூடாது.

ஆனால் இங்கே ஒரு முக்கியமான இடைஞ்சல் உண்டு. வீடு கைமாறிய பிறகு அதன் படுக்கையறை உலகத்துக்கே தெரிவதைப் புதிய உரிமையாளர் விரும்பமாட்டார், விரும்பவும் வேண்டியதில்லை. அதனால் ஒவ்வொரு சொத்துக்கும் இரண்டு வீடியோ எடுக்கிறேன். ஒன்று வீட்டின் உட்புறம். விற்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, குடும்பப் படங்களையும் கதவு எண்ணையும் மறைத்து எடுப்பது. பத்திரம் முடிந்ததும் வாங்கியவரிடம் கேட்பேன், அவர் வேண்டாம் என்றால் உடனே பிரைவேட் ஆக்கிவிடுவேன். இரண்டாவது வீதியும் சுற்றுப்புறமும்: பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வரும் வழி, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, மாலையில் வண்டிச் சத்தம் எப்படி. இதை நீக்கச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. அந்த வீதியில் அடுத்த வீடு வரும்போதும் அதே வீடியோ வேலை செய்யும். உழைப்பை அதிகமாகப் போட வேண்டியது இதில்தான்.

செலவு என்று பார்த்தால் கையில் இருக்கும் போனும் சட்டையில் மாட்டும் சின்ன மைக்கும். போனைப் படுக்கை வசமாகப் பிடித்து, வாசலில் தொடங்கி, வெட்டாமல் நடந்தே காட்டுங்கள். குழாயைத் திறந்து தண்ணீர் விழும் வேகத்தைக் காட்டுங்கள், ஜன்னலைத் திறந்து எதிரே என்ன தெரிகிறது என்று காட்டுங்கள். அறையைப் பெரிதாகக் காட்டும் அல்ட்ரா வைடு லென்ஸ் வேண்டாம். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர் வாசற்படியிலேயே முகம் சுளிப்பார். அளவு டேப்பை விரித்து நீள அகலத்தைக் கேமராவுக்கே காட்டிவிட்டால் அந்தக் கேள்வி போனில் வராது. விவரப் பகுதியில் 0:00 தொடங்கி நேரங்களை எழுதினால் வீடியோ அத்தியாயங்களாகப் பிரியும். குறைந்தது மூன்று வேண்டும், ஒவ்வொன்றும் 10 விநாடிக்குக் குறையக் கூடாது. சமையலறை மட்டும் பார்க்க வேண்டியவர் நேரே அங்கே போய்விடுவார்.

யூடியூபின் குறை, தாமதம். தொடக்கத்தில் மாதக்கணக்கில் யாரும் பார்க்காமல் கிடக்கும். பேச வராது, முகம் காட்டக் கூச்சம் என்பவர்களுக்கு அது இன்னும் நீளும். முகம் காட்டாமல் குரல் மட்டும் கொடுத்தாலும் போதும், ஆனால் நிறுத்தாமல் போட வேண்டும். உரிமையாளருக்கு அவசரப் பணத் தேவை, இந்த மாதமே விற்றாக வேண்டும் என்றால் நானே ஃபேஸ்புக் விளம்பரத்துக்குத்தான் போவேன். வீடியோவிலிருந்து நல்ல துண்டை வெட்டி நெடுக்கு வாட்டில் ரீல்ஸாகவும் போடுகிறேன். அது சில நாள் ஓடி அடங்கிவிடுகிறது.

வாடகை வீடு, கடை, குடோன் விஷயத்தில் எனக்கு அனுபவம் குறைவு. வாடகை வீடு சீக்கிரம் கைமாறுவதால் இத்தனை உழைப்பு தாங்காது என்றே தோன்றுகிறது, அங்கே போர்ட்டலும் வாட்ஸ்அப்பும் போதுமாக இருக்கலாம். சொந்த இணையதளத்தை நான் நடத்திப் பார்த்ததில்லை. டொமைன், ஹோஸ்டிங் என்று ஆண்டுதோறும் செலவு இருந்தாலும் போடுவது நம்முடையதாகவே நிற்கும் என்பதால் என் கேள்விக்கு அதுவும் ஒரு நல்ல பதில்தான். எழுத்து நன்றாக வரும், கேமரா வராது என்பவர்கள் வீடியோவுக்குப் பதில் அதில் தொடங்கலாம்.

புதிதாக வருகிறவர்கள் கூகுள் புரொஃபைலை முதல் வாரத்திலேயே முடித்துவிட்டு, கையில் வீடே இல்லாவிட்டாலும் நன்றாகத் தெரிந்த ஒரு வீதியை வீடியோ எடுத்துப் போடுங்கள்.