சேதப் புகார் வந்தால் எந்த வழி லாபம்? விலையைக் குறைப்பதா, திருப்பி வாங்குவதா, மறுப்பதா?

பழைய பொருளை இணையத்தில் விற்றாயிற்று, பணமும் வந்தாயிற்று, கதை முடிந்தது என்று இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வரும்: "பார்சல் கிடைத்தது. ஆனால் பொருள் உடைந்திருக்கிறது. என்ன செய்யலாம்?" கூடவே மங்கலாக ஒரு போட்டோ. இப்போது விற்றவர் முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன. கொஞ்சம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பொருளை அவரிடமே விட்டுவிடலாம். பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு முழுப் பணத்தையும் தரலாம். பொருளும் வேண்டாம் என்று பணத்தை மட்டும் அனுப்பிவிடலாம். கூரியர்காரரிடம் இழப்பீடு கேட்கலாம். இல்லை, "நான் அனுப்பும்போது நன்றாகத்தான் இருந்தது" என்று மறுத்துவிடலாம்.

தொல்லை விட்டால் போதும் என்கிறவர்கள் முதல் வழிக்குப் போகிறார்கள். கோபக்காரர்கள் கடைசி வழிக்கு. என்னைக் கேட்டால், "திருப்பி அனுப்பிவிடுங்கள், முழுப் பணமும் தருகிறேன்" என்பதைத்தான் முதலில் சொல்லிப் பார்க்க வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால், உடைந்தது எங்கே என்று தெரிந்தாக வேண்டும்.

சேதம் மூன்று இடத்தில் நடந்திருக்கலாம்: உங்களிடம் இருக்கும்போதே, வழியில், அல்லது வாங்கியவர் பிரித்த பிறகு. இதைச் சொல்லிக்கொடுப்பது பொருளின் போட்டோ அல்ல, பெட்டியின் போட்டோ. ஒரு ரெக்கார்ட் பிளேயரை எடுத்துக்கொள்ளுங்கள். சுழலும் தட்டைக் கழற்றித் தனியே சுற்றாமல், ஊசி இருக்கும் கையைக் கட்டாமல், அதன் பின்னால் உள்ள எடைக்கட்டியை எடுக்காமல் அனுப்பினால், வெளிப்பெட்டியில் ஒரு கீறல்கூட இருக்காது. உள்ளே தட்டு எகிறி அந்தக் கையை வளைத்திருக்கும். பெட்டி பத்திரம், பொருள் நாசம் என்றால் பெரும்பாலும் பேக்கிங்தான் கோளாறு, அதாவது நம் தலையில். பெட்டியின் ஒரு மூலை நசுங்கி, அதே மூலையில் பிளாஸ்டிக் மூடியும் விரிந்திருந்தால் வழியில் விழுந்திருக்கிறது. விரிசலுக்குள் அழுக்கு அடைந்திருந்தால் அது பழைய விரிசல். கேமரா லென்ஸுக்குள் பூஞ்சை என்று புகார் வந்தால் கூரியரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை; சில நாள் பயணத்தில் பூஞ்சை படராது. விற்கும் முன்பே டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஆகவே முதல் பதிலில் மன்னிப்பும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். இவ்வளவு போதும்: "இப்படி ஆனதில் எனக்கும் வருத்தம்தான். பெட்டியின் ஆறு பக்கம், உள்ளே வைத்திருந்த பஞ்சு அட்டை, உடைந்த இடம், சீரியல் நம்பர் எல்லாம் தெரிகிற மாதிரி போட்டோ அனுப்புங்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பார்த்துவிட்டு இன்றைக்கே சொல்கிறேன்." இதை விற்ற தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதுங்கள். "வாட்ஸ்அப்புக்கு வாங்களேன்" என்று வாங்கியவர் கூப்பிட்டாலும் போகாதீர்கள். நாளைக்குப் பஞ்சாயத்து என்று வந்தால் தளம் தன்னிடம் பதிவானதைத்தான் முதலில் பார்க்கும்.

விலையைக் குறைப்பதும் திருப்பி வாங்குவதும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். விலையைக் குறைப்பதில் உள்ள சௌகரியம் வெளிப்படை. மறுபடி பார்சல் செலவு இல்லை, பொருள் இரண்டாம் முறை பயணம் போய் இன்னும் கொஞ்சம் உடையாது, ஒரே நாளில் முடிந்துவிடும். வேலை செய்கிறது, மூடியில் மட்டும் கீறல் என்கிற மாதிரிப் புகாருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. மேஜை, ஸ்பீக்கர் போன்ற கனமான பொருளுக்கும் அப்படியே.

சிக்கல் எங்கே என்றால், தொகை. "எவ்வளவு குறைத்தால் சரி?" என்று நாமே கேட்ட நிமிடத்தில் அது பேரமாகிவிடும். சிலர் வாங்கும்போதே இந்தப் பேரத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் வாங்குகிறார்கள்: பொருள் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு கீறலைக் காட்டிப் பாதி விலைக்கு இறக்குவார்கள். நேர்மையான புகாரையும் இதையும் போட்டோவை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. இங்கேதான் திருப்பி வாங்குகிறேன் என்ற பதில் கைகொடுக்கும். நிஜமாகவே உடைந்த பொருளோடு உட்கார்ந்திருப்பவருக்கு முழுப் பணமும் திரும்பக் கிடைக்கிறது என்றால் நிம்மதி. உடனே பேக் செய்யக் கிளம்பிவிடுவார். பேரத்துக்கு வந்தவர், "அதெல்லாம் எதற்குச் சிரமம், பாதி கொடுத்தால் வைத்துக்கொள்கிறேன்" என்பார். எல்லோரையும் அப்படிச் சந்தேகப்படவும் கூடாது. ரொம்ப நாள் தேடிக் கிடைத்த பழைய மாடலாக இருந்தால் உடைந்தாலும் பரவாயில்லை என்று வைத்துக்கொள்ளத்தான் ஆசைப்படுவார்கள். அப்படிப்பட்டவர் கேட்கும் தொகை பெரும்பாலும் நியாயமாகவே இருக்கும். உடைந்த பாகத்தின் விலையைத் தேடிப் பார்த்து அதைச் சொல்வார்.

தொகையை முடிவு செய்ய அதுவேதான் நல்ல அளவுகோல்: பாகம் மாற்ற ஆகும் செலவு. பாகம் கிடைக்காத பொருள் என்றால், அதே சேதத்தோடு இதே பொருள் என்ன விலைக்குப் போகும், நீங்கள் விற்ற விலை என்ன, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். ஒன்று மட்டும் கவனம். பணத்தை அனுப்புவதற்கு முன்னால், "இந்தத் தொகையோடு புகார் முடிந்தது என்று ஏற்கிறேன்" என்று வாங்கியவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, தளத்தின் வழியாகவே அனுப்புங்கள். தளத்துக்கு வெளியே நேரடியாக அனுப்பிய பணம் அதன் கணக்கில் ஏறாது. அதே ஆள் அடுத்த வாரம் முறைப்படி புகார் பதிவு செய்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

திருப்பி வாங்குவதற்கும் செலவு உண்டு, மறைக்கவில்லை. ஈபே என்ற இணையச் சந்தையில் "சொன்னபடி இல்லை" என்ற வகைப் புகார் ஏற்கப்பட்டால், விற்பனைப் பக்கத்தில் "ரிட்டர்ன் கிடையாது" என்று போட்டிருந்தாலும் திரும்பி வரும் பார்சல் செலவு விற்றவருடையதுதான். வேறு பழைய பொருளை உள்ளே வைத்து அனுப்பும் ஆட்களும் இருக்கிறார்கள். அதனால்தான் விற்கும்போதே சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து வைக்கச் சொல்கிறேன். திரும்பி வந்த பெட்டியை, முகவரிச் சீட்டு தெரிகிற மாதிரி வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். பார்சலின் எடையும் ஒரு சாட்சி: போனபோது இருந்த எடையும் வந்தபோது இருக்கும் எடையும் பதிவில் இருக்கும்.

பொருளைத் திருப்பிக் கேட்காமலே பணத்தைக் கொடுப்பது சில்லறைப் பொருளுக்கு மட்டும். பார்சல் செலவு பொருளின் விலையைத் தாண்டினால் யோசிக்கவே வேண்டாம், கொடுத்துவிடுங்கள்.

கூரியர் இழப்பீடு தனி வழியா?

இல்லை. வாங்கியவர் புகார் சொன்னதும் இதையே பதிலாகச் சொல்கிறவர்கள்தான் அதிகம்: "கூரியரில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்." பார்சலுக்குக் காசு கட்டி ஒப்பந்தம் போட்டவர் அனுப்பியவர். வாங்கியவருக்குப் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, கூரியரிடம் நாம் தனியாகக் கேட்பதுதான் முறை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். கெடு மட்டும் முக்கியம். அமெரிக்கத் தபால் துறையில், பார்சலை அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் சேதப் புகாரைக் கொடுக்க வேண்டும். நாடு விட்டு நாடு விமானத்தில் போகும் சரக்குக்கு 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, பெற்ற நாளிலிருந்து 14 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள் என்று முதலிலேயே சொன்னதும் இதற்குத்தான்; கூரியர் நிறுவனங்கள் பெட்டியையும் பேக்கிங்கையும் நேரில் பார்க்கக் கேட்கும். "பேக்கிங் போதவில்லை" என்பது அவர்கள் கையில் தயாராக இருக்கும் பதில். பொருளைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 2 அங்குலம் மெத்தை இருக்க வேண்டும் என்பது யூபிஎஸ் மாதிரி கூரியர் நிறுவனங்களின் அறிவுரை. பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்தது பிரிக்கும்போது சப்பையாகிக் கிடந்தால் அந்தக் கேஸ் நிற்காது.

மறுப்பது எப்போது?

சீரியல் நம்பர் ஒத்துப்போகவில்லை, அல்லது இப்போது புகார் சொல்லும் கீறல் உங்கள் விற்பனைப் போட்டோவிலேயே பளிச்சென்று இருக்கிறது. இந்த இரண்டுக்கு மறுக்கலாம், ஆதாரத்தை இணைத்து. வெறும் வாய்ப்பேச்சை நம்பி மறுக்க வேண்டாம். "இருக்கிற நிலையில் விற்கிறேன்" என்ற ஒரு வரி எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றும் என்று நிறைய பேர் நம்புகிறார்கள். தளத்தின் வாங்குபவர் பாதுகாப்புத் திட்டத்துக்கு முன்னால் அந்த வரி பெரும்பாலும் எடுபடாது. ஈபேயில் புகார் பதிவானால் விற்றவருக்கு 3 வேலை நாள்தான். அதற்குள் தீர்க்காவிட்டால் வாங்கியவர் ஈபேயைத் தலையிடச் சொல்லலாம். பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியாகப் பணம் வந்திருந்தால், வாங்கியவருக்குத் தகராறு எழுப்ப 180 நாள் அவகாசம் உண்டு. கார்டு கொடுத்த வங்கி வழியாகப் பணத்தைத் திரும்ப இழுப்பது இன்னொரு கதவு. பணம் வந்துவிட்டது, இனி என்ன செய்துவிட முடியும் என்று மெத்தனமாக இருப்பது சரிவராது.

"கேட்டதைக் கொடுக்காவிட்டால் மோசமாக ரேட்டிங் போடுவேன்" என்று மிரட்டினால் மட்டும் கணக்கு மாறும். 2008இலிருந்து ஈபேயில் விற்றவர் வாங்கியவருக்கு எதிர்மறை மதிப்பீடு போட முடியாது. ஆனால் ரேட்டிங்கைக் காட்டிக் கூடுதலாகப் பறிக்கப் பார்ப்பது அங்கே விதிமீறல். அந்தச் செய்தியை அப்படியே தளத்துக்குப் புகாராக அனுப்புங்கள், வாங்கியவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

நேரில் சந்தித்து, போட்டுக் காட்டி, வாங்கியவர் தட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டு போன பொருளுக்கு வழியில் நடந்த சேதத்தைக் காட்டி நம்மிடம் வர முடியாது. அங்கே வரும் புகார் பேட்டரி நிற்கவில்லை, அரை மணி நேரத்தில் சூடாகிறது என்ற மாதிரி, நின்று பார்க்கும் பத்து நிமிடத்தில் தெரியாத கோளாறுகள்தான். அது உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். தெரியாதென்றால், பழுது பார்க்கும் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டாலே தாராளம்.