மரியோ: 1993 படமும் 2023 படமும்

ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோவின் மரியோ வீடியோ விளையாட்டு 30 ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை ஹாலிவுட் திரைக்கு வந்தது. விளையாடியவர்களின் நினைவை எவ்வளவு மதிப்பது என்பதில்தான் இரண்டு படங்களும் வெவ்வேறு வழியில் போகின்றன.

பாப் ஹாஸ்கின்ஸ் மரியோவாக நடித்த 1993 படம், விளையாட்டு நடக்கும் காளான் ராஜ்யத்தின் பளிச்சிடும் வண்ணங்களைக் கைவிட்டு, டைனோசர்களின் வழித்தோன்றல்கள் வாழும் இருண்ட, அழுக்கடைந்த மாநகரம் ஒன்றைக் காட்டியது. விளையாட்டில் மிதித்தால் நசுங்கிப்போகும் குட்டி எதிரிகளான கூம்பாக்கள், இதில் பெருத்த உடலும் சின்னஞ்சிறு பல்லித் தலையும் கொண்ட அடியாட்களாக மாறினார்கள். துணிச்சலான கற்பனைதான், ஆனால் வீட்டில் விளையாடிவிட்டுத் திரையரங்குக்கு வந்த சிறுவர்களுக்குத் தெரிந்த உலகம் அதில் இல்லை, விளையாடாத பெரியவர்களுக்கோ கதை பிடிபடவில்லை. போட்ட பணமும் திரும்பவில்லை.

2023 அனிமேஷன் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர், மரியோவைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோ. நியூயார்க்கின் புரூக்ளின் தெருவில் மரியோவும் தம்பி லூயிஜியும் வேலைக்கு ஓடும் காட்சியில் கேமரா பக்கவாட்டில் நகர, தடைகளை அவர்கள் தாவிக் கடக்கும்போது, விளையாடியவர்களின் விரல்கள் தாமாகவே துடிக்கும். கதை மெலிந்தது என்று விமர்சகர்கள் குறைகூறியதில் நியாயம் உண்டு. ஆயினும் உலகளவில் 130 கோடி டாலருக்கும் மேல் வசூலானது.

பிள்ளைகளோடு பார்ப்பதற்கு இரண்டாவது படத்தையே தயங்காமல் சொல்வேன். முதல் படத்துக்கும் பிற்காலத்தில் ஒரு சிறு ரசிகர் கூட்டம் சேர்ந்திருக்கிறது; அதன் அரங்க அமைப்புகளை ஒருமுறை பார்த்தால் காரணம் விளங்கும்.