பி27 எலைசா கிட்: மலைநாட்டுக் கோழிப்பண்ணைக்கு எந்தளவு கைகொடுக்கும்?

கோழிக்குக் கட்டி உண்டாக்கி முட்டை வழியே குஞ்சுக்கும் இறங்கும் லூக்கோசிஸ் வைரஸை, அதன் பி27 என்ற புரதத்தை வைத்து நிறமாற்றத்தால் கண்டுபிடிக்கும் 96 குழி எலைசா கிட்டை, தாய்க்கோழி வைத்துக் குஞ்சு பொரிப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். முட்டைக்கு மட்டும் லேயர் (முட்டைக்கோழி) வளர்ப்பவர், "கோழி காலை இழுத்து இழுத்துச் சாகுது" என்று இதற்குச் செலவழித்தால் காசு வீண். காலை இழுக்க வைப்பது பெரும்பாலும் மேரெக்ஸ் நோய். அதன் ஹெர்பிஸ் வைரஸ் இந்தக் கிட்டில் தெரியவே தெரியாது.

வேலை எளிது. கட்டுப்பாட்டு மாதிரிகளுக்கு 4 குழிகள் போனால் மிச்சம் 92. குழிக்கு 100 மைக்ரோலீற்றர் மாதிரி (முட்டையின் வெள்ளைக்கரு), ஒரு மணி நேரம் காத்திருப்பு, கழுவல், கொஞ்சுகேட் (நொதி சேர்ந்த எதிர்ப்புரதத் திரவம்), மறுபடி கழுவல், கடைசியில் நீலம் தரும் டிஎம்பி திரவம். வெள்ளைக்கரு சளி மாதிரி இழுபட்டுப் பைப்பெட்டில் சரியாக ஏறாது. ஒரு தடவை உறைய வைத்து உருக்கினால் இளகும், உள்ளேயிருக்கும் புரதமும் வெளியே வரும். பைப்பெட் நுனியையும் கொஞ்சம் வெட்டிக்கொள்ளுங்கள். வைரஸ் எல்லா முட்டையிலும் இறங்காததால் கோழிக்கு இரண்டு மூன்று முட்டையாவது பாருங்கள். கோழிக்கூட்டின் இலக்கத்தை முட்டை ஓட்டிலேயே எழுதாவிட்டால் எந்தக் கோழியைக் கழிப்பதென்று பிறகு தெரியாது.

நம் பக்கத்தில் பெரிய சிக்கல் குளிர்தான். கிட் தாளில் அறை வெப்பம் என்றால் பொதுவாக 18 முதல் 26 பாகை. மார்கழி, தை மாதங்களில் நுவரெலியாவில் மூடிய அறைகூட அந்த அளவுக்கு வராது. பிரிட்ஜிலிருந்து எடுத்த தட்டும் திரவங்களும் மேசையில் ஒரு மணி நேரம் இருந்தும் சில்லென்றே இருக்கும். நிறம் மெலிந்து, நூலிழையில் பொசிட்டிவ் ஆகவேண்டிய கோழி நெகட்டிவாகிவிடும். ஓரக் குழிகளும் நடுக் குழிகளும் ஒரே மாதிரியைக்கூட வேறு வேறாகக் காட்டும். 22 பாகையில் நிற்கும் இன்கியுபேட்டர் ஒன்று இல்லாமல் ஹட்டனுக்கு மேலே இந்தக் கிட்டைத் திறக்கவே வேண்டாம். நிறம் போதவில்லை என்று டிஎம்பியைக் கூடுதல் நேரம் விடுவதும் தப்பு. நெகட்டிவ் குழிகளும் நீலமாகும்.

இன்னொரு குறை கிட்டோடு பிறந்தது. கோழியின் மரபணுவிலேயே பரம்பரையாக ஒட்டிக்கிடக்கும் ஈ வகை லூக்கோசிஸ் வைரஸும் அதே பி27 புரதத்தைத்தான் உண்டாக்கும். அதனால் பொசிட்டிவ் வந்த எல்லாக் கோழியையும் உடனே கழிக்காதீர்கள். ஆய்வுகூடத்தில் வளர்க்கும் டிஎஃப்-1 என்ற கோழிச் செல்லில் ஈ வகை வளராது. மாதிரியை அதில் ஒரு வாரத்துக்கு மேல் வளர்த்து, மறுபடி பி27 பார்த்தால்தான் வெளியிலிருந்து தொற்றியதா என்று உறுதியாகும். நல்ல வர்க்கக் கோழிகளை அநியாயமாக இழக்காமல் காப்பாற்றுவது இந்தப் படிதான்.

லேயர் கொட்டிலில் செத்த கோழியை அறுக்கும் கத்தியே முதல் பரிசோதனை. தொடையின் உட்பக்கத் தசையை விலக்கி இரண்டு கால் நரம்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல நரம்பு வெள்ளையாக, குறுக்கே மெல்லிய கோடுகளோடு மினுங்கும். மேரெக்ஸ் என்றால் கோடு அழிந்து, சாம்பல் மஞ்சளாகி, ஒரு பக்கம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு தடித்திருக்கும். நரம்பு நன்றாக இருந்து, 16 வாரம் தாண்டிய கோழியில் ஈரல் பெருத்து, மலவாய்க்கு மேலுள்ள பேர்சா என்ற பையில் கட்டி இருந்தால் லூக்கோசிஸைச் சந்தேகிக்கலாம். ஈரலை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. இரண்டு நோயிலும் ஈரல் பெருக்கும். மேரெக்ஸுக்குப் பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) செய்தாலும், தடுப்பூசி போட்ட கோழியிலும் வைரஸ் ஒளிந்திருக்கும் என்பதால் "இருக்கிறது" என்ற பதில் போதாது. எவ்வளவு இருக்கிறது என்ற அளவும் கட்டியின் திசுப் பரிசோதனையும் சேரவேண்டும்.

பேராதனைப் பக்கம் ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்பும்போது நரம்பு, ஈரல், பேர்சா மூன்றையும் அரை சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டி, பத்து மடங்கு போர்மலினில் போடுங்கள். அந்தப் போத்தலை ஐஸோடு வைக்காதீர்கள். உறைந்தால் திசு கிழிந்துவிடும். முட்டையும் பிசிஆருக்கான துண்டுகளும்தான் ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸோடு போகவேண்டும்.